இரண்டும் மாப்பிள்ளை வீடு

"நாங்க மாப்பிள்ளை வீடுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க? அப்புறம் நான் எதுக்கு எந்திரிச்சுப் போயி முதல்ல கை குடுக்கணும்?"

கேட்டவன் சேதுபதி. சென்னைக்காரன். ஆசிய ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டம் அவனிடம் இருந்தது. தேக்கா உணவங்காடியில் அவன் உட்கார்ந்திருந்த இருக்கை அவனுக்கு அடியில் எங்கேயோ இருந்தது, வெளியே தெரியவில்லை.

ரகுபதி கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். "சொன்னேன் தம்பி. இல்லேங்கல."

"அப்ப அவன் வரட்டும்."

'அவன்' உட்கார்ந்திருந்தது அதே உணவங்காடியின் மறுகோடியில். நடுவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இரண்டு தடித்த தூண்களும். அவன் பெயர் ஜெய். உள்ளூர்க்காரன், சுவா சூ காங்கில் பிறந்து வளர்ந்தவன். அவனிடமும் ஆசிய ஹெவிவெயிட் பட்டம் இருந்தது. குத்துச்சண்டைச் சங்கம் இரண்டாக உடைந்தபோது பட்டமும் இரண்டாகிவிட்டது. இரண்டு சாம்பியன்களும் ஒரே மேடையில் மோதி ஒருவன் மிஞ்ச வேண்டும் என்பதுதான் இப்போது பேச்சு.

ரகுபதி கூட்டத்தில் நீந்தி மறுகோடிக்குப் போனார்.

"என்ன அங்கிள், அவன் வரலியா?" என்றான் ஜெய். "நாமதான மாப்பிள்ளை வீடு? யூ டோல்ட் மீ லா."

அவனிடமும் சொல்லியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாகக் கல்யாணத் தரகு செய்தவர் அவர். எந்த வீட்டுக்குப் போனாலும் "உங்க கைதான் மேல" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். கல்யாணத்தில் அது எடுபடும், ஏனென்றால் ஒரு பக்கம் எப்படியும் பெண் இருப்பாள். கடைசியில் யார் எந்த வீடு என்று தானாகத் தெரிந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் மீசை. ரகுபதி அதை யோசிக்கவில்லை.

கல்யாணத் தரகர் குத்துச்சண்டைக்குள் எப்படி வந்தார் என்று கேட்கலாம். அனிதா கூப்பிட்டதால் வந்தார். அனிதா இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, நிகழ்ச்சி ஏற்பாட்டுக் கம்பெனி தொடங்கிய பெண். இந்தச் சண்டைதான் அவளுடைய முதல் பெரிய நிகழ்ச்சி. இரண்டு சாம்பியன்களின் வக்கீல்களையும் உட்கார வைத்துப் பேசினாள். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும் முடிந்தது. "முதலில் யார் வந்து யாரைப் பார்ப்பது" என்ற இடத்தில் இரண்டு வக்கீல்களும் பையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு அவளுடைய அம்மாதான் சொன்னாளாம்: "நம்ம ரகுபதி அண்ணனைக் கேளு. உங்கப்பாவையே கல்யாணத்துக்கு ஒத்துக்க வைச்ச மனுஷன்."

அனிதா தேடிக்கொண்டு வந்தபோது, டன்லப் தெருவில் பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தன் சின்ன அலுவலகத்தில் ரகுபதி காற்றாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆள் வந்து அந்தப் படி ஏறி வெகுநாளாகிவிட்டது. இப்போதெல்லாம் பிள்ளைகள் கைப்பேசியில் விரலைத் தள்ளித் தள்ளியே மாப்பிள்ளையும் பெண்ணும் பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைகூட வாட்ஸ்அப்பில் வருகிறது. அதுவும் அவருக்கு வருவதில்லை.

ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசிய மனிதர் தனக்குப் பேசிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "சமையல்காரன் எந்தக் கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்திருக்கான்?" என்று சிரித்து மழுப்புவார். முதல் பந்தி, இரண்டாம் பந்தி எல்லாம் போய், இப்போது வயது அறுபத்து நாலு. புக்கிட் மேராவில் பதினோராவது மாடியில் ஓரறை வீடு. ஒரு தட்டு, ஒரு தம்ளர். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் "வணக்கம்" என்றால் இவரும் "வணக்கம்" என்பார். ஏதோ கடையின் தள்ளுபடி விற்பனைக் குறுஞ்செய்திக்கு, "நன்றி, தற்போது தேவையில்லை, தாங்கள் நலமா?" என்று பதில் எழுதிய நாளும் உண்டு. அதற்கு மறுபதில் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் அனிதா கேட்டதும், குத்துச்சண்டையில் எத்தனை சுற்று என்றுகூடத் தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு நடுவில் நின்றார்.

யோசித்தார். ஆள் வர மறுத்தால் சீர் வரட்டும். பக்கத்திலேயே சந்தை. அழகப்பனின் பழக்கடைக்குப் போய் ஆப்பிள், ஆரஞ்சு, மாம்பழம், வெற்றிலை பாக்கு, பூ என்று ஐந்து தட்டு அடுக்கச் சொன்னார். பிறகு இன்னோர் ஐந்து.

அழகப்பன் தட்டுகளைப் பார்த்தான். ரகுபதியின் மைதீட்டிய மீசையைப் பார்த்தான். "அண்ணே, பொண்ணு எந்த ஊரு?"

"வாயை மூடிக்கிட்டு மாம்பழத்தைப் பாத்துப் போடு."

ஐந்து தட்டை ஜெய்யிடம் கொண்டுபோய் வைத்தார். "சேதுபதி தரப்பு மரியாதை." மற்ற ஐந்தைச் சேதுபதியிடம் வைத்தார். "ஜெய் தரப்பு மரியாதை." பொய் இரண்டாகப் பெருகிவிட்டது. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள், குடையைக்கூட எடுக்காமல் ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டார். குடை ஜெய்யின் மேசைமேல் இருந்தது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு சேதுபதி அந்தக் குடையை நீட்டினான். "உங்க குடை அண்ணே."

"இது எப்படி உன்கிட்ட?"

சேதுபதி விழித்தான். "தேத்தண்ணிக் கடை அக்கா குடுத்தாங்க."

தேத்தண்ணிக் கடை ருக்கையா கோப்பைகளை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஆமாமா, நான்தான்" என்றாள்.

குடை வந்தது, நிம்மதி போனது. "அவன் அஞ்சு தட்டு அனுப்பினா நாம ஏழு அனுப்பணும் அண்ணே. நம்ம மரியாதை என்னாவுறது?" என்றான் சேதுபதி. மறுகோடியில் ஜெய் அதையே ஆங்கிலம் கலந்து சொன்னான். ஏழு ஏழு பதினாலு தட்டு போயிற்று. அடுத்த வாரம் ஒன்பது ஒன்பது. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் ரகுபதிதான். அதனால் குறைக்கவும் வழியில்லை. அழகப்பன் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம புரோக்கர் அண்ணனுக்கு ஒருவழியா அமைஞ்சிருச்சு. பெரிய எடம் போல. பழம் லாரி லாரியாப் போகுது" என்று சொல்ல ஆரம்பித்தான். தெருவில் போனால் இரண்டு மூன்று பேர் கைகூப்பினார்கள்.

தட்டு விவகாரத்தை ஆற்றுவதற்குள் விளம்பரப் பலகை விவகாரம் வந்தது. யார் பெயர் முதலில்?

"கல்யாணப் பத்திரிகை மாதிரி பண்ணிடலாம்மா" என்றார் ரகுபதி. "அவங்க வீட்டுக்கு அவங்க பேர் மேல, இவங்க வீட்டுக்கு இவங்க பேர் மேல. ரெண்டு தினுசா அடிச்சுடு."

அனிதாவுக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு விதமாக அச்சடித்தாள். சிராங்கூன் சாலையின் ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மற்றது என்று ஒட்டுகிறவர்களிடம் சொல்லியும் அனுப்பினாள். அவர்கள் வெயிலில் அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று ரயில் நிலைய வாசலிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றில் ஜெய் இடப்பக்கம் முறைத்தான். மற்றதில் சேதுபதி வலப்பக்கம் முறைத்தான். முதுகோடு முதுகு. பார்த்த பாட்டி ஒருத்தி, "ஐயோ பாவம், அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறா?" என்று கேட்டதாகக் கேள்வி.

அன்று மாலை இரண்டு சாம்பியன்களும் தனித்தனியாக ரகுபதியைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பொரிந்தார்கள். ரகுபதி கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு அரிசிப் பானை பக்கத்தில் வைத்துவிட்டு, ரசத்துக்குத் தாளித்தபடி "ஆமா தம்பி... நியாயந்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சின்னச் சமையலறையில் இன்னொரு மனிதக் குரல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! ரசம்கூட அன்றைக்கு நன்றாக வந்தது.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. கல்யாணம் பேசுகிற காலத்தில் அவர் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. இரண்டு வீட்டாரையும் தினம் ஒரு தடவை விசாரிக்க வேண்டும், விஷயத்தை உடனே எடுக்கக் கூடாது, முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். அதையே இங்கேயும் செய்தார்.

"சாப்பிட்டாச்சா தம்பி?"

"ஆச்சு அண்ணே. உப்பில்லாம அவிச்ச கோழி. அதுவும் எடை போட்டுக் குடுக்கறாங்க" என்பான் சேதுபதி. பூன் லேயில் பயிற்சிக்கூடத்துக்கு மேலேயே ஓர் அறையில் தங்கியிருந்தான். ஒருநாள் சொன்னான்: "அண்ணே, இங்க எல்லாரும் எடை எவ்ளோன்னுதான் கேக்கறாங்க. சாப்பிட்டியான்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ஜெய்க்குச் சொந்த ஊர். ஆனால் அப்பா அம்மா அக்காவோடு கடல் தாண்டி பெர்த் நகருக்குப் போய்விட்டார்கள். "வெளிய போனா எல்லாரும் போட்டோ எடுக்க வர்றாங்க அங்கிள். ஒன் போட்டோ, டூ போட்டோ, அப்புறம் பை பை. டின்னருக்கு யாரும் இல்ல லா."

"என்னை மாதிரின்னு சொல்லு."

"உங்ககூடயும் போட்டோ எடுக்க வருவாங்களா?"

"ரெண்டாவது பாதி மட்டும் தம்பி" என்றார் ரகுபதி. அந்தப் பக்கத்தில் ஜெய் சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் தொடர்பைத் துண்டிக்கவில்லை.

அடுத்து வந்தது நாள். விளையாட்டரங்கம் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. ரகுபதி பழக்கதோஷத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அன்றைக்குச் சேதுபதிக்குச் சந்திராஷ்டமம். அதைப் பார்த்தவர் பேசாமல் மூடி வைத்திருக்கலாம். வாய் நிற்குமா? சேதுபதியிடம் சொன்னார். அவன் சென்னையிலிருக்கும் தன் அம்மா பாக்கியலட்சுமியிடம் சொன்னான். அந்த அம்மாள் காணொளியில் வந்து, "சந்திராஷ்டமத்துல நான் கத்திரிக்காகூட நறுக்க மாட்டேன். என் புள்ள மூஞ்சியில குத்து வாங்கணுமா?" என்று கேட்டாள்.

ஜெய்யிடம் விளக்கினார் ரகுபதி.

"அப்படின்னா அன்னிக்கு அவன் வீக்கா இருப்பானா?"

"சாஸ்திரப்படி அப்படித்தான்."

"நல்லதுதானே" என்று சொல்வான் என்று எதிர்பார்த்தார். ஜெய் முகம் சிவந்தான். "நோ வே அங்கிள். நான் ஜெயிச்சா நிலா ஜெயிச்சதுன்னு சொல்லுவாங்க. நான் அன்னிக்கு அடிக்க மாட்டேன்."

ஆக, ஒருத்தன் அடிவாங்க மாட்டேன் என்றான், மற்றவன் அடிக்க மாட்டேன் என்றான். ரகுபதி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, சந்திரன் அன்று மாலையே ராசி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். சண்டையை இரவுக்குத் தள்ளினால் போதும். அனிதா அலுத்துக்கொண்டே அதற்கு முன்னால் மூன்று சின்னச் சண்டைகளைச் செருகினாள்.

உடனே பாக்கியலட்சுமியம்மாள், வீரர்கள் மேடைக்கு வருகிற வாசல் எந்தத் திசை என்று கேட்டாள். இரண்டு வாசலில் ஒன்று தெற்கு. தெற்கு எமன் திசை, கூடாது. அப்படியென்றால் இருவரும் கிழக்கு வாசல் வழியாகத்தான் வர வேண்டும். யார் முதலில்? பெரிய சாம்பியன் கடைசியில்தான் வருவான் என்பது குத்துச்சண்டை வழக்கமாம். இரண்டு பேரும் கடைசியில்தான் வருவோம் என்றார்கள். இருவரும் கடைசியில் வந்தால் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். "ஒண்ணா சேர்ந்து வாங்களேன்" என்றார் ரகுபதி. அனிதா அளவு நாடாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு பேருடைய தோளும் சேர்ந்தால் வாசலைவிட ஒரு சாண் அகலம்.

"கதவு நிலையைக் கழட்டிடலாமா அங்கிள்?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள். கேட்டபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

கடைசியில், இருவரும் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி, ஒருபுறம் திரைச்சீலை போட்டுப் புது வழி ஒன்று ஏற்பாடாயிற்று. அந்த ஞாயிறு, அதிசயமாக, சேதுபதியும் சரி என்றான், ஜெய்யும் சரி என்றான். தட்டு, பெயர், நாள், வாசல் எல்லாம் முடிந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சம்பந்திங்க ஒத்துக்கிட்டாங்களா அண்ணே?" என்று கேட்டாள் ருக்கையா.

"ஒத்துக்கிட்டாங்க" என்றார் ரகுபதி.

வேலை முடிந்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். கையெழுத்து ஆகிவிட்டால் சேதுபதி எதற்குக் கூப்பிடுவான்? ஜெய் எதற்குக் கூப்பிடுவான்? கல்யாணம் முடிந்த வீட்டில் தரகருக்கு என்ன வேலை? எத்தனையோ கல்யாணத்தில் பார்த்தவர். பந்தி முடியும்வரை "அண்ணே அண்ணே" என்பார்கள். மறுவாரம் தெருவில் பார்த்தால் அவசரமாகப் போவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. சேர்த்துவைத்தவனை யார் வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள்?

அன்று மாலை கைப்பேசி அடிக்கவில்லை. சண்டையில்லாத வீரர்களுக்குப் பேச என்ன இருக்கிறது? ரகுபதி சாதத்தை வடித்தார். அப்பளம் பொரித்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் அந்த வீட்டில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

எழுந்து போய்க் கைப்பேசியை எடுத்தார். செய்வது தப்பு என்று தெரிந்துதான் செய்தார்.

"தம்பி சேதுபதி, சாப்பிட்டாச்சா? ஒண்ணுமில்ல, ஒரு சின்ன விஷயம். ஜெய் தரப்புல, மேடையில பெரிய சாம்பியன் நிக்கற சிவப்பு மூலைதான் வேணும்ங்கறாங்க. உன்னை நீல மூலையில நிக்கச் சொல்றாங்க. அதான்..."

மறுமுனையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது மாதிரி கேட்டது. பிறகு சேதுபதி கர்ஜித்தான்: "விடமாட்டேன் அண்ணே! சிவப்பு என்னுது! நீங்க ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க, ஒரு கை பாத்துடறேன்!"

ரகுபதிக்கு உயிர் வந்தது. அதே பொய்யைத் திருப்பிப் போட்டு ஜெய்யிடம் சொன்னார். "ரெட் இல்லாம நான் வரமாட்டேன் அங்கிள்! சண்டே வாங்க, பேசலாம்!" என்றான் அவனும். அவன் குரலில் கோபத்தைவிட உற்சாகம் கூடுதலாக இருந்தது. குத்துச்சண்டைக்காரர்கள் அப்படித்தான் போலும் என்று ரகுபதி நினைத்துக்கொண்டார்.

சிவப்பு மூலை மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் சனிக்கிழமை அனிதாவின் அலுவலகத்துக்குப் போனபோது அவள் மேசையில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கிழமை காலைக்குள்ள கையெழுத்து வரலன்னா அரங்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க அங்கிள். பூனைக் கண்காட்சியாம்." சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். அம்மாகிட்ட என்ன சொல்றது? ஒரு மூலைக்காகவா அங்கிள் எல்லாம் போகணும்? நீங்க எவ்வளவு அலையறீங்க, பாவம்."

அந்த 'பாவம்' ரகுபதியை நேராகக் குத்தியது. இவளுடைய அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது தான் கட்டியிருந்த வேட்டியின் கரைகூட நினைவிருந்தது. அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தை இப்போது தன்னால் அழுகிறது. ஒரு கிழவனுக்குச் சாயங்காலம் பேச ஆள் வேண்டும் என்பதற்காக.

"நாளைக்கு முடிச்சுத் தரேன்மா. கண்ணைத் துடை" என்றார்.

மறுநாள் தேக்காவுக்கு நேரத்தோடு போனார். முதலில் சேதுபதியின் மேசை. ஒப்பந்தத்தை வைத்தார். நின்றுகொண்டே சொன்னார்.

"தம்பி, ஜெய் சிவப்பு மூலை கேக்கவே இல்ல. அது நான் சொன்ன பொய். முதல்ல வந்த அஞ்சு தட்டும் அவன் அனுப்பினது இல்ல, நான் வாங்கினது. நீயும் மாப்பிள்ளை வீடு இல்ல, அவனும் இல்ல. என்னைத் திட்டணும்னா திட்டிக்க. அந்தப் பொண்ணு வாழ்க்கை இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டுடு."

நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. சேதுபதி பேனாவை வாங்கினான். "எங்க அண்ணே, இங்கயா?" போட்டுவிட்டான்.

மறுகோடியில் ஜெய்யும் அப்படியே. முழுவதும் கேட்டான், தலையாட்டினான். "ஓகே லா அங்கிள். நீலம் எனக்கு. நோ பிராப்ளம்." போட்டுவிட்டான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை மாதம் இமயமலை மாதிரி நின்ற விவகாரம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோனது. தான் இல்லாமலே தீர்ந்திருக்கும் போலிருக்கிறதே என்று தோன்றியது ரகுபதிக்கு. அது பெரிய அடியாக விழுந்தது.

அனிதா கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய அம்மா கேசரி அனுப்பினாள். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் அந்த வீட்டுக்குப் போகிற சாக்கும் இல்லாமல் போயிற்று.

அந்த வாரம் முழுக்கக் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. திங்கள் மாலை தானே கூப்பிடலாமா என்று எடுத்தார். என்ன சொல்வது? பொய் சொன்னதை ஒப்புக்கொண்ட பிறகு "சாப்பிட்டாச்சா?" என்று எந்த முகத்தோடு கேட்பது? வைத்துவிட்டார். ஒருநாள் கைப்பேசி கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரிடம் கேட்டு அவர் கைப்பேசியிலிருந்து கூப்பிடச் சொன்னார். நன்றாகவே அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் மனம் ஒரு கணம் துள்ளியது. பிறகு வெட்கமாக இருந்தது.

வியாழன், வெள்ளி ஆயிற்று. ரசம் வைக்கவில்லை. ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். செய்தி வாசிப்பவரின் வணக்கத்துக்கும் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எழுந்தவர் குளித்தார், சட்டையை இஸ்திரி போட்டார், மீசைக்கு மை தீட்டினார், தேக்காவுக்குப் போகிற பேருந்தில் ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் இன்றைக்கு வேலை எதுவுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. இறங்க மனம் வரவில்லை. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பலாம். அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

உணவங்காடியில் எப்போதும் போலக் கூட்டம். சேதுபதியின் மேசையில் யாரோ ஒரு குடும்பம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜெய்யின் மேசையில் இரண்டு மாணவர்கள். இரண்டு மேசையையும் பார்த்தபடி ரகுபதி நடுவில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பது அவருக்குப் பழக்கம்தான். போவதற்கு எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்பது இதுதான் முதல் தடவை.

ருக்கையாவின் கடைக்கு எதிரே ஒரு மேசை காலியாக இருந்தது. இருக்கைக்கு ஒன்றாக மூன்று டிஷ்யூ பாக்கெட் வைத்து யாரோ இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அதன் ஓரமாக நின்று, "ஒரு தேத்தண்ணி குடும்மா. நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போயிடறேன்" என்றார்.

ருக்கையா மூன்று கோப்பையைக் கொண்டுவந்து அந்த மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"உக்காருங்க அண்ணே. உங்களைக் கூப்பிட ஒரு வாரமா சாக்கே கிடைக்கலியாம். அவங்க பரோட்டா வாங்க வரிசையில நிக்கிறாங்க. பயிற்சி குடுக்கற கோச்சுக்குத் தெரியாம ஆளுக்கு ஒண்ணாம்."

ரகுபதி திரும்பிப் பார்த்தார். பரோட்டாக் கடை வரிசையில், எல்லாத் தலைகளுக்கும் மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு தலை எதையோ சொன்னது. மற்றது வாய்விட்டுச் சிரித்து அதன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டது. முன்னால் நின்றவர்கள் பயந்து விலகினார்கள்.

ரகுபதி மெல்ல அந்த மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தார்.

"அடேங்கப்பா! ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட ஒரு வாரத்துல இவ்வளவு ராசியாயிட்டாங்களா?"

ருக்கையா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வாரமா? நீங்க முதல் முதல்ல அஞ்சஞ்சு தட்டு வைச்சுட்டுக் குடையை விட்டுட்டு ஓடுனீங்களே, அன்னிக்கே ரெண்டு பேரும் இதே மேசையில ஒண்ணா உக்காந்துதான் அந்தப் பழத்தைத் தின்னாங்க; அன்னிலேருந்து உங்க தலை தெரிஞ்சாத்தான் ஆளுக்கொரு மூலைக்கு ஓடுவாங்க அண்ணே, பேச்சு முடிஞ்சுட்டா நீங்க வரமாட்டீங்களாம்."